பச்சோந்திக்குள் ஓர் ஓந்தி

ஆசிரியருக்கு,

வணக்கம். "வீட்டுக்குள் புகுந்த மானிட்டர் பல்லி பிடிபட்டது", "மானிட்டர் பல்லி கடத்திய இருவர் கைது" என்று தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. உங்கள் நாளிதழும் இதற்கு விலக்கல்ல. படத்தைப் பார்த்தால் அது நம் ஊர் உடும்பு. இசைப் பக்கத்தில் கஞ்சிராவைப் பற்றி எழுதுகிறவர் "உடும்புத் தோல்" என்று சரியாகவே எழுதிவிடுகிறார். குற்றச் செய்திப் பக்கத்துக்கு வரும்போதுதான் அதே உயிர் மானிட்டர் பல்லியாகிவிடுகிறது. ஆங்கிலச் செய்தி முகமையின் வரியை வேகமாகத் தமிழாக்கும் அவசரம் புரிகிறது. ஆனால் இந்தத் தவறு சொல்லழகோடு நிற்பதல்ல என்பதால் எழுதுகிறோம்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறோம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நம் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. வேட்டையாடினாலோ, இறைச்சியையோ தோலையோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. "ஹத்தா ஜோடி" என்ற பெயரில், வசியத்துக்கு உதவும் அரிய வேர் என்று சொல்லி விற்கப்படுவது வேரே அல்ல. ஆண் உடும்பின் காயவைத்த பிறப்புறுப்பு. அதை வாங்கி வைத்திருப்பவருக்கும் இதே சட்டம்தான். இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டியவர் "மானிட்டர் பல்லி" என்ற பெயரைக் கேள்விப்பட்டே இருக்கமாட்டார். "உடும்பு" என்று அச்சாகியிருந்தால் தலைப்பிலேயே அவருக்கு விஷயம் புரிந்திருக்கும்.

இனி மூலத் தவறு. ஆங்கிலத்தில் "லிசர்ட்" என்பது ஒரு பெரிய கூடை. சுவரில் ஓடுவது, வேலியில் தலையாட்டுவது, புதரில் நழுவுவது, புற்றைத் தோண்டுவது எல்லாம் அதற்குள் அடங்கும். உலகில் 7,000க்கும் மேற்பட்ட இனங்கள் அந்தக் கூடையில் இருக்கின்றன. தமிழில் அப்படியொரு கூடை இருந்ததில்லை. பல்லி, ஓணான், பச்சோந்தி, அரணை, உடும்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர். வீட்டுச் சுவரில் இருப்பது பல்லி. அதற்குமேல் அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. வேலியில் இருப்பதைக் காட்டி "அதோ பல்லி" என்றால் ஐந்து வயதுப் பிள்ளைகூடச் சிரிக்கும். ஆங்கில அகராதியில் "லிசர்ட்" என்ற பதிவுக்கு எதிரே முதலில் "பல்லி" என்று போட்டுவிட்டதால் வந்த வினை, பல்லியின் எல்லை திடீரென்று கொமோடோத் தீவுவரை விரிந்துவிட்டது.

விலங்கியலும் இந்த விரிவை ஏற்காது. மரபணு ஒப்பீடுகளைக் கொண்டு செதிலுடைய ஊர்வனவற்றின் கிளைகளை வரைந்தால், பல்லிகளின் கிளை மிகத் தொடக்கத்திலேயே பிரிந்துபோய்விடுகிறது. ஓணான், பச்சோந்தி, உடும்பு ஆகியவை பாம்புகளோடு சேர்ந்து ஒரு பெருங்கிளையில் நிற்கின்றன. அதாவது உடும்புக்குப் பல்லியைவிடப் பாம்பு நெருங்கிய உறவு. உடும்பின் நாக்கைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது. பாம்பின் நாக்கைப் போலவே நீண்டு, நுனி இரண்டாகப் பிளந்து, வெளியே வந்து வந்து காற்றைத் துழாவும். "மானிட்டர் பாம்பு" என்று எழுதியிருந்தால்கூட "மானிட்டர் பல்லி"யைவிட உண்மைக்குக் கொஞ்சம் அருகில் இருந்திருக்கும்!

செய்தி மேசையில் இருப்பவர்களுக்குப் படத்தைப் பார்த்ததும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உதவும். பல்லிக்கு இமை கிடையாது. கண்ணாடி போன்ற ஒரு படலம் கண்ணை மூடியிருக்கும், அதை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். பாவை வெளிச்சத்தில் செங்குத்துக் கோடாகச் சுருங்கும். விரல் அடியில் மடிப்பு மடிப்பாகத் திண்டு இருக்கும். அதனால்தான் உத்தரத்தில் தலைகீழாக ஓட முடிகிறது. ஒரு ஈட்டுக்கு இரண்டே முட்டை, ஓடு கெட்டியாக இருக்கும். வளர்ப்புப் பிராணிச் சந்தையில் கிடைக்கும் சிறுத்தைப் பல்லி இதற்கு விதிவிலக்கு. அதற்கு இமையும் உண்டு, விரலில் திண்டும் இல்லை. ஆனாலும் அது பல்லிக் கிளையைச் சேர்ந்ததுதான்.

ஓணானுக்கு இமை உண்டு. கழுத்திலிருந்து முதுகுவரை முள்வரிசை. வால் உடலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். பல்லியைப் போல வாலைத் தானே உதிர்த்துவிட்டு ஓடாது. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையும் தொண்டையும் சிவந்துவிடும். அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் ஆங்கிலேயர் அதற்கு "இரத்தம் உறிஞ்சி" என்று பெயர் வைத்தார்கள். அது உறிஞ்சுவது எறும்பையும் பூச்சியையும்தான். தலையை ஏற்றி இறக்கித் தண்டால் எடுப்பது மற்ற ஆண்களுக்கு விடுக்கும் மிரட்டல்.

பச்சோந்தியை ஓணானோடு குழப்பவே முடியாது, ஒருமுறை பார்த்திருந்தால். தலையின் பின்புறம் தலைப்பாகை போல எழும்பியிருக்கும். கண்கள் இரண்டு கூம்புகளாக நீண்டு, ஒன்று முன்னால் பார்க்கும்போது மற்றது பின்னால் பார்க்கும். விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டிப்போய் இடுக்கிபோலக் கிளையைப் பிடிக்கும். வால் சுருண்டு ஐந்தாவது கை போல உதவும். காற்றில் ஆடும் இலைபோல முன்னும் பின்னும் அசைந்து அசைந்துதான் நடக்கும். நாக்கு உடலைவிட நீளம். உங்கள் அரசியல் பக்கக் கேலிச்சித்திரங்களில் கட்சி தாவுகிறவருக்கு வால் வரைந்து "பச்சோந்தி" என்று எழுதுகிறீர்கள். வரைந்திருப்பதோ பத்துக்கு ஒன்பது முறை ஓணான்.

அந்தப் "பச்சோந்தி"யில்தான் இந்தக் கடிதத்தின் உயிர்ச்சொல் ஒளிந்திருக்கிறது. பச்சை + இலை பச்சிலை. பச்சை + அரிசி பச்சரிசி. பச்சை + ஓலை பச்சோலை. அதே வழியில் பச்சை + ஓந்தி பச்சோந்தி. ஈற்று ஐகாரம் விழுந்து, மீதி மெய் வரும் உயிரோடு சேர்கிறது. வேறு மந்திரம் எதுவும் இல்லை. "பச்சோணான்" என்றும் சொல்வதுண்டு என்பது இந்தப் பிரிப்பை உறுதிசெய்கிறது. ஆக, பச்சோந்தி என்ற பெயருக்கு "பச்சை நிற ஓணான்" என்பதற்குமேல் பொருள் இல்லை. நிறம் மாறுவது பற்றிப் பெயரில் ஒரு சொல்கூடக் கிடையாது. நிறமாற்றத்துக்குப் பேர்போன உயிருக்கு ஒரே நிறத்தை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள் என்றால், பெயரிட்டவர் அதை எப்போதும் இலைநடுவே பச்சையாகவே பார்த்திருக்கிறார் என்று பொருள்.

ஓந்தி, ஓந்தான், ஓணான் மூன்றும் ஒரே குடும்பம். ஆன் ஈறு சிற்றுயிர்ப் பெயர்களில் நமக்குப் பழக்கமானதுதான்: பூரான், தட்டான், கரிச்சான். சில வட்டாரங்களில் வழங்கும் கரட்டான், கரட்டாண்டி ஆகியவை வேறு வேரிலிருந்து வருபவை. அவற்றில் இருப்பது "கரடு" என்ற சொல். சொரசொரப்பான தோலையோ கல்லுமேட்டில் வாழ்வதையோ குறிக்கலாம்.

மலையாளத்தில் இன்றும் ஓணானுக்கு "ஓந்து" என்றே பெயர். பச்சோந்தி அங்கே "மரயோந்து". கன்னடத்தில் "ஓதி". தெலுங்கு மட்டும் "தொண்ட" என்று விலகிப்போய்விட்டது. மலையாளத்தில் "ந்" என்ற மெல்லெழுத்து இருக்க, கன்னடத்தில் அது இல்லாமல் போனது தற்செயல் அல்ல. நம் பாம்பு அங்கே ஹாவு. நம் வேம்பு அங்கே பேவு. நெடிலுக்குப் பின் வரும் மெல்லெழுத்தைக் கன்னடம் உதிர்த்துவிடும். ஓந்து ஓதியானதும் அதே வழியில் என்பது எங்கள் கருத்து.

தமிழிலேயே இரண்டு வடிவங்களும் இருந்திருக்கின்றன. சங்கப் பாடல்களில் கிடைப்பது மெல்லெழுத்து இல்லாத "ஓதி". குறுந்தொகை 140ஆம் பாடல் இப்படித் தொடங்குகிறது: "வேதின வெரிநின் ஓதிமுது போத்து". வேதினம் என்பது கருக்கரிவாள். வெரிந் என்பது முதுகு. போத்து என்பது ஆண். கருக்கரிவாளின் பல்வரிசை போன்ற முதுகை உடைய கிழட்டு ஆண் ஓணான். வழிச்செல்வோர் நிமித்தம் பார்க்கும்படி அது தங்கியிருக்கும் பாலை வழி என்கிறது பாடல். இதைவிடச் சரியாக ஓணானின் முதுகை இன்றைய களக் கையேடுகூட வருணித்துவிடாது. ஆண் என்று குறித்துச் சொன்னதும் வெறும் அலங்காரமல்ல; முள்வரிசை ஆணுக்கே எடுப்பாக இருக்கும்.

நற்றிணை 186 இன்னும் ஒரு படி மேலே போகிறது: "வேனில் ஓதி நிறம்பெயர் முதுபோத்து". வேனிற் காலத்தில் நிறம் மாறும் கிழட்டு ஆண் ஓதி, பாணன் யாழ் வாசிக்க, நெடிய யா மரத்தில் ஏறுகிறது. காலம், பால், நிறமாற்றம் மூன்றும் ஒரே அடியில். 1802இல் பிரெஞ்சு விலங்கியலாளர் டாடின் நம் தோட்டத்து ஓணானுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது "வெர்சிகலர்" என்ற லத்தீன் சொல்லைத் தேர்ந்தெடுத்தார். அதற்குப் பொருள் "நிறம் மாறுவது". நற்றிணைப் புலவரின் "நிறம்பெயர்" அப்படியே!

இந்த ஓதி ஓணானா, பச்சோந்தியா என்று கேட்கலாம். பச்சோந்தியின் முதுகிலும் சிறு பற்கள் உண்டு, அதுவும் நிறம் மாறும். பழைய ஓதி இரண்டையும் தழுவிய சொல் என்றும், பிறகு "பச்சை" என்ற அடைமொழியைச் சேர்த்து ஒன்றைப் பிரித்தார்கள் என்றும் கொள்வதே பொருத்தம். மலையாளம் "மர" என்று சேர்த்துப் பிரித்ததும் அதே தேவைக்காகத்தான்.

ஓதி வழக்கொழிந்து ஓந்தி நின்றதற்கு ஒரு காரணம் தோன்றுகிறது. சங்க இலக்கியத்தில் ஓதி என்றால் பெண்ணின் கூந்தல் என்ற பொருளே மிகுதி. வகுப்பில் "வேனில் ஓதி" என்று படிக்கும் மாணவர் முதலில் கூந்தலுக்குத்தான் போவார். ஒரே ஒலி இரண்டு பொருளைச் சுமக்கும்போது மக்கள் ஒன்றை மாற்றிச் சொல்லத் தொடங்குவது இயல்பு.

நிறமாற்றம் பற்றியும் ஒரு திருத்தம். இலையில் இருந்தால் பச்சை, மண்ணில் இருந்தால் பழுப்பு, சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பு என்று பச்சோந்தி மாறாது. வெப்பம், வெளிச்சம், சினம், அச்சம், இணை தேடல் ஆகியவைதான் அதன் நிறத்தை மாற்றுகின்றன. குளிர்ந்த காலையில் வெயிலை உறிஞ்சக் கருமையாக இருக்கும். மற்றொரு ஆணைக் கண்டால் பளிச்சிடும். தோலில் உள்ள நுண்படிகங்கள் நெருங்கியும் விலகியும் ஒளியைச் சிதறச் செய்வதால் நிறம் மாறுகிறது என்று 2015இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. இடத்துக்குத் தக்கபடி நிறம் மாறும் அரசியல்வாதிக்கு இது சரியான உவமையே அல்ல. பச்சோந்தி உள்ளே இருப்பதை வெளியே காட்டிவிடும் பிராணி.

உடும்பின் கதை எளிது. மலையாளத்தில் உடும்பு, தெலுங்கில் உடுமு, கன்னடத்தில் உட. பாம்பு தெலுங்கில் பாமு ஆனதும், கொம்பு கொம்மு ஆனதும் தெரிந்தவர்களுக்கு உடும்பு உடுமு ஆனதில் புதிர் இல்லை. "உடம்பு" என்ற சொல்லோடு இதை முடிச்சுப்போடுவது வெறும் ஒலி மயக்கம். சங்கப் பாடல்களில் உடும்பு உணவாகவும் உவமையாகவும் வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் நாய் பிடித்துவந்த "மனவுச்சூல் உடும்பு" விருந்தாகிறது. மனவு என்பது மணி, வயிற்றில் மணிக்கோவைபோல முட்டை நிறைந்த உடும்பு. புறநானூறு 68இல் கோவூர் கிழார் பசியால் வாடிய பாணனின் சுற்றத்தாரது விலாவை "உடும்புரித் தன்ன என்பெழு மருங்கின்" என்கிறார். தோலுரித்த உடும்பின் விலா எலும்பு வரிவரியாக எழுந்து நிற்பதைப் பார்க்காதவர் எழுதியிருக்க முடியாத உவமை. பேச்சிலோ "உடும்புப் பிடி" நிற்கிறது, அதோடு "உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்ற பழமொழியும்.

பல்லிக்கு மலையாளத்திலும் பல்லி, கன்னடத்தில் ஹல்லி, தெலுங்கில் பல்லி. வடமொழியிலும் இச்சொல் உண்டு. மராத்தியின் "பால்" அதன் வழி வந்தது. பல் உள்ளதால் பல்லி என்ற விளக்கம் பள்ளிக்கூடங்களில் சொல்லப்படுகிறது. கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் ஒரு முட்டுக்கட்டை உண்டு. தெலுங்கில் பல்லைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலி நம் "படம்" என்பதில் வரும் ப; பல்லியின் முதல் ஒலியோ "பலூன்" என்பதில் வரும் அதிர்ந்த ப. ஒரே வேரென்றால் இந்த வேறுபாடு வந்திருக்கக்கூடாது. பல்லிலிருந்து உண்மையிலேயே பிறந்த பல்லி வேறொன்று இருக்கிறது. புறநானூறு 120இல் "பல்லி ஆடிய பல்கிளைச் செவ்வி" என்று வருவது, முளைத்த பயிருக்கு இடையே மண்ணைக் கிளறும் பல்வைத்த உழவுக் கருவி. ஊர்வனவற்றோடு அதற்கு உறவில்லை.

பல்லியின் குரலைச் சங்கப் புலவர்கள் காதுகொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். குறுந்தொகை 16இல் கள்ளிக் காட்டுச் செங்காற்பல்லி தன் துணையை அழைக்கும் ஒலி, கள்வர்கள் அம்பைச் செப்பம் பார்க்க நகநுனியில் புரட்டும் ஓசைபோல இருக்கிறது. கலித்தொகை 11இல் "பல்லியும் பாங்கொத் திசைத்தன" என்று அது நல்ல நிமித்தமாகிறது. கௌளி என்ற பெயரும் பல்லிக்கு உண்டு. நூறு வெற்றிலைக் கட்டுக்கான "கவுளி"யோடு அதைக் குழப்ப வேண்டாம். மேல்நாட்டுப் பெயரான "கெக்கோ" மலாய் மொழியில் அதன் கூவலைப் போலச் செய்த ஒலிக்குறிப்பு.

அரணைக்கு நம் மொழி செய்த அநியாயம் பெரிது. பளபளக்கும் வழுவழுத் தோல், கழுத்தும் உடலும் ஒரே பருமன், குட்டைக் கால். அவசரத்தில் பார்த்தால் பாம்பு. "அரணை கடித்தால் மரணம்" என்ற வாசகத்துக்கு ஆதாரம் எதுகை ஒன்றே. அரணையிடம் நச்சு இல்லை. பிடித்தால் வாலை விட்டுவிட்டு ஓடும். மனிதரைக் கொல்லும் நச்சுடைய பல்லியோ ஓணானோ அரணையோ இந்தியாவில் கிடையாது. அரணை கடிக்க வந்து அதற்குள் மறந்துவிடும் என்றும் ஊரில் சொல்வார்கள். கொல்லும் என்ற நம்பிக்கையும், யாரும் செத்துப் பார்த்ததில்லை என்ற அனுபவமும் மோதியபோது ஏற்பட்ட சமரசம் அது! சில இடங்களில் இதையே பாம்புராணி என்கிறார்கள், கன்னடத்தில் ஹாவுராணி. பாம்பின் ராணி என்று கதை கட்டுவதற்கு முன், பாம்பு + அரணை என்று பிரித்துப் பார்க்கலாம்.

இதே அச்சம்தான் "உணவில் பல்லி விழுந்தது, மாணவர்கள் மயக்கம்" என்ற செய்திகளில் "விஷப் பல்லி" ஆகிறது. பல்லிக்கு விஷமில்லை. அதன் எச்சத்திலும் குடலிலும் சால்மொனெல்லா போன்ற நுண்ணுயிரிகள் இருக்கலாம். அதனால் அந்த உணவைக் கொட்டிவிடுவதே சரி. ஆனால் அந்தத் தொற்றுக்கு அறிகுறி தோன்ற 6 மணி நேரமாவது ஆகும். சாப்பிட்ட பத்து நிமிடத்தில் வரிசையாக வாந்தி எடுத்தால் பெரும்பாலும் அது பயம், இல்லாவிட்டால் சமையலில் வேறு கோளாறு. "விஷம்" என்று அச்சிட்டால் அந்த வேறு கோளாறைத் தேடும் வேலை நின்றுபோகும்.

ஆங்கிலப் பெயர்களை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம் என்பதற்கு "மானிட்டர்" என்ற சொல்லே சான்று. அரபியில் இந்த விலங்குக்கு வரல், வரன் என்று பெயர். 1820இல் வைக்கப்பட்ட "வரானஸ்" என்ற அறிவியல் பெயர் அதிலிருந்து வந்தது. எச்சரித்தல் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லோடு அதன் ஒலி ஒத்துப்போக, லத்தீனில் "எச்சரிப்பவன்" என்ற பொருளில் மானிட்டர் ஆகிவிட்டது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். முதலை வருவதை இது எச்சரிக்கும் என்ற கட்டுக்கதையும் ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்கள் அங்கிருந்த உடும்புகளை "கோவானா" என்றார்கள். அது கரீபியத் தீவுகளின் தைனோ மொழிச் சொல்லான இகுவானாவின் திரிபு. இகுவானாவுக்கும் உடும்புக்கும் நேரடி உறவில்லை. "அலிகேட்டர்" கூட ஸ்பானிய மொழியில் லிசர்ட்டைக் குறிக்கும் "எல் லகார்ட்டோ" என்பதன் சிதைவுதான்.

எனவே கொமோடோ டிராகன் என்று எழுதும் இடத்தில் கொமோடோ உடும்பு என்று எழுதுங்கள். 3 மீட்டர் வளரும் அதுவும், ஆஸ்திரேலியாவில் ஒரு சாண் அளவே வளரும் குட்டைவால் உடும்பும் ஒரே பேரினம். வளர்ப்புப் பிராணிக் கடைகளில் "பச்சை உடும்பு" என்று விற்கப்படும் இகுவானா தழை தின்பது, ஓணானுக்கு உறவு. இகுவானா என்றே எழுதிவிடலாம். மலைத்தொடர்ச் சோலைகளில் விலா எலும்புகள் தாங்கும் சவ்வை விரித்து மரம் விட்டு மரம் மிதக்கும் உயிர் "பறக்கும் பல்லி" அல்ல, பறக்கும் ஓணான். தொண்டையில் விசிறி விரிக்கும் சிறிய ஓணான் ஒன்றுக்குப் பாண்டிச்சேரியின் பெயரே அறிவியல் பெயராக இருக்கிறது: சிட்டானா பாண்டிசெரியானா. அதையும் விசிறித்தொண்டை ஓணான் என்றால் போதும். சாலமாண்டரைப் பல்லி என்று எழுதுவது எல்லாவற்றையும்விட மோசம். செதிலே இல்லாத அது தவளைக்குச் சொந்தம்.

டைனோசருக்கும் இதே சிக்கல். 1842இல் ரிச்சர்ட் ஓவன் கிரேக்கத்தில் "அச்சமூட்டும்" என்ற சொல்லையும் லிசர்ட்டைக் குறிக்கும் "சாரோஸ்" என்ற சொல்லையும் இணைத்தார். அதைப் பெயர்த்து "ராட்சதப் பல்லி" என்று நாம் எழுதுகிறோம். டைனோசர்கள் பல்லிகளல்ல, முதலைகளும் பறவைகளுமே அவற்றுக்கு நெருக்கம். அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த பேரெலும்புகளுக்கு 1980களில் "பிருகத்காயோசாரஸ்" என்று பெயரிட்டார்கள். பிருகத் காயம் என்றால் பேருடல். "அரியலூரில் ராட்சதப் பல்லி" என்ற தலைப்பைப் பார்க்கும் வாசகர் வீட்டுச் சுவரைத்தான் நிமிர்ந்து பார்ப்பார்.

அப்படியானால் அறிவியல் கட்டுரையில் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல என்ன செய்வது? "பல்லியினம்" என்ற பாடநூல் வழக்கு, மேலே சொன்ன காரணத்தால் தவறான தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. "ஓந்தி" என்று மட்டும் பொதுப்பெயராக்கலாம் என்போர் உண்டு. பழமையும் அழகும் உண்டு, ஆனால் உடும்பை ஓந்தி என்றால் ஊரில் யாரும் ஏற்கமாட்டார்கள். எங்களுக்குப் பிடித்தது "பல்லியோந்தி". ஆடுமாடு, புழுபூச்சி, காக்கைகுருவி என்று இரண்டு உறுப்பினரைச் சொல்லி மொத்தக் கூட்டத்தையும் குறிப்பது தமிழின் பழைய வழி. முதலில் பிரிந்த கிளைக்குப் பல்லி, பின்னால் வந்த பெருங்கிளைக்கு ஓந்தி, விலங்கியலுக்கும் பொருந்திப்போகிறது. அதுவும் கட்டுரையில் மட்டும். செய்தியில் பொதுப்பெயருக்கு வேலையே இல்லை. பிடிபட்டது எது என்று சொன்னால் போதும்.

படம் வராமல் ஆங்கில வரி மட்டும் வந்தால், உடன் வரும் அறிவியல் பெயரின் முதல் சொல்லைப் பாருங்கள். வரானஸ் என்றால் உடும்பு. கலோட்டஸ், சிட்டானா, டிராகோ, அகாமா என்றால் ஓணான். கமீலியோ என்றால் பச்சோந்தி. யூட்ராபிஸ், பழைய நூல்களில் மபுயா என்றால் அரணை. ஹெமிடாக்டிலஸ், கெக்கோ போன்ற பெயர்கள் இருந்தால் மட்டும் பல்லி.

இப்படிக்கு,
தமிழும் விலங்கியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர்,
திருச்சி.